தண்ணீர் பார்க்கும் விரல்

தேர்தல் வந்துவிட்டால் இந்தத் தம்போய் ஊரில் எங்கள் வீட்டுச் சுவருக்கு நிம்மதி கிடையாது. காலையில் ஒரு முகம் ஒட்டுவார்கள், மாலையில் அதன் மேலேயே இன்னொரு முகம் ஒட்டுவார்கள். எல்லா முகமும் சிரித்துக்கொண்டே இருக்கும். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அண்ணே, இதுல ஒரு கஷ்டம்னு வந்தா நிக்கிறவன் யாரு? நீங்க படிச்சவரு, பாத்துச் சொல்லுங்கலா." நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பல் நன்றாக இருந்தது. மற்றபடி எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே ஒருவரைத்தான் என் வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையில் ஓட்டுச்சீட்டைப் பிடித்தவரும் இல்லை. பாலோ பக்கத்தில் நாங்கள் கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வெட்டிக்கொண்டிருந்த தோட்டத்தில் மருத்துவச்சியாக இருந்தவர் அவர்.

மருத்துவச்சி என்றால் அதுமட்டுமே வேலை என்று நினைத்துவிடாதீர்கள். எங்களைப்போல அவரும் விடியற்காலையில் பெரட்டுக்கு வந்து பேர் கொடுத்துவிட்டு, வாளியும் கத்தியுமாகக் காட்டுக்குள் போவார். யாருக்காவது வலி கண்டால் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்திலிருந்து ஆள் ஓடிவரும். அவர் வெட்டிக்கொண்டிருந்த மரத்தை நிதானமாக வெட்டி முடித்து, பால் வடிகிற மங்குக் கிண்ணத்தைச் சரியாக வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். வந்தவன் பதறினால், "அது என்ன கப்பலா, நேரம் ஆனா போயிடுறதுக்கு? வரும், வரும்" என்பார். நாற்பது வயது இருக்கும். அகலமான தாடை, ஓயாத வெற்றிலை, தொண்டையில் ஒரு கரகரப்பு. லயத்தில் எல்லோருக்கும் அவர் அத்தை. பிள்ளை பெற்ற அத்தனை ஆம்பிளைகளும் அவருக்கு மருமவன்.

பிரசவம் என்றால் பெண்களை எல்லாம் வெளியே தள்ளிவிடுவார். வாசலில் ஒரு கோணிப்பை தொங்கும். உள்ளே அவரும் பிள்ளைத்தாய்ச்சியும். வெளியே தாழ்வாரத்தில் அடுப்பு, பானை, அடுப்புக்கு முன்னால் புருஷன். வேறு யாரும் அந்த அடுப்பைத் தொடக்கூடாது. அது அவருடைய சட்டம்.

"ஆம்பளையை வாசல்ல சும்மா நிக்க வச்சா ஒண்ணு உள்ள எட்டிப் பாப்பான், இல்ல கள்ளுக்கடைக்குப் போவான். வேலை குடுத்துரணும்" என்பார்.

வேலை என்ன? தண்ணீர் காய்ச்சுவதுதான். கேட்பதற்கு எவ்வளவு லேசாக இருக்கிறது பாருங்கள். அவர் கட்டளையைக் கேட்டால் தெரியும்.

"கொதிக்கவும் கூடாது, ஆறவும் கூடாது. நான் கேக்குறப்போ விரல் பொறுக்குற சூட்ல இருக்கணும். எப்ப கேப்பேன்னு எனக்கே தெரியாது, மருமவனே."

அப்படியே ஐந்து மணி நேரம், எட்டு மணி நேரம். உள்ளே கட்டினவள் உயிர் போகிற மாதிரிக் கத்துவாள். வெளியே ஒருவன் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து விறகைத் தள்ளவும் இழுக்கவும் வேண்டும். எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் அத்தை முதலில் பார்ப்பது அந்த ஆளை அல்ல. நேராகப் பானைக்குப் போய் வலது கை ஆள்காட்டி விரலை விடுவார். தடித்த, நகம் தேய்ந்த விரல். கண்ணை மூடி ஒரு கணம் நிற்பார். அவ்வளவுதான், அந்த மனிதனைப் பற்றி அவருக்குத் தெரியவேண்டியது தெரிந்துவிட்டது. ஆயுசுக்கும் மாற்றமாட்டார்.

அந்த விரலுக்குப் பழக்கமாகிப் போய், அவர் எதிலும் அதை விட்டுப் பார்ப்பார். பாலோ கடைத்தெருவில் சீனர் கடைக் காப்பியில் விரலை விட்டுவிட்டு, "ஆறிப்போச்சு, மாத்திக் குடு" என்று கோப்பையைத் தள்ளினார். கடைக்காரர், "அலமாக்! விரல் போட்ட காப்பியை நான் யாருக்குக் கொடுப்பேன்?" என்று மலாயில் அலறினார். அத்தை அசரவில்லை. "ஆறின காப்பியை மட்டும் எனக்குக் குடுப்பியோ?" என்றார். புதுக் காப்பி வந்தது. அதிலும் விரலை விட்டார்.

கங்காணியின் மச்சான் கோவிந்தசாமியின் கதை தோட்டம் முழுக்கத் தெரிந்தது. அத்தை சொல்லித் தெரிந்ததல்ல, புகையைப் பார்த்துத் தெரிந்தது. அவர் நல்ல ஆகிருதி, பெரட்டில் நின்று ஒரு குரல் கொடுத்தால் மரத்தில் இருக்கிற குரங்கு இறங்கி வரும். பொண்டாட்டிக்கு வலி கண்டதும் லயத்தில் இருந்த விறகு அத்தனையும் அடுப்பில் திணித்து, அவனைக் கூப்பிடு, இவனைக் கூப்பிடு என்று எல்லோரையும் விரட்டினார். பானை விரிசல் விட்டது, கூரையில் பொறி பறந்தது. அத்தை கோணியை விலக்கிக்கொண்டு வந்து, முறத்தால் அவர் தோளில் ஒன்று வைத்து, அடுத்த வீட்டுப் பானையை வாங்கி வைத்துவிட்டு உள்ளே போனார். அதைப்பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் கோவிந்தசாமி எங்கே குரலை உயர்த்தினாலும் அத்தை தன் விரலை முந்தானையில் துடைத்துக்கொள்வார். அவர் குரல் தானாக இறங்கும்.

இனி என் கதைக்கு வருகிறேன். தள்ளிப் போடலாம் என்றுதான் பார்த்தேன், முடியாது போலிருக்கிறது.

என் மூத்த மகள் பிறந்தது ஒரு மழை நாள். வெட்டு இல்லை. பகல் நேரம். என் பொண்டாட்டி பாக்கியத்துக்குக் காலையிலேயே வலி எடுத்துவிட்டது. அத்தை வந்து கோணியைத் தொங்கவிட்டு, கட்டளையைச் சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் உட்கார்ந்தேன். முதல் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் இருந்தேன். அப்புறம் பாக்கியம் கத்தினாள். அப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து வரும் என்று எனக்குத் தெரியாது. எழுந்து நின்றேன். "அத்தை, விறகெல்லாம் நனைஞ்சு கெடக்கு. காஞ்சது எடுத்துட்டு வரேன்" என்று கோணியைப் பார்த்துச் சொன்னேன். உள்ளே யாருக்கும் காதில் விழவில்லை. நேராக ரப்பர்த் தகடுகளைப் புகையில் உலர்த்துகிற கொட்டகைக்குப் போனேன். அங்கே காய்ந்த விறகு ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. அதன்மேல் ஏறி உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். மழை விட்டு, வெயிலே வந்துவிட்டது.

திரும்பி வந்தபோது குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. என் அடுப்பின் முன்னால் வீரன் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

வீரன் அண்ணன் தோட்டத்து மாட்டுவண்டி ஓட்டுகிறவர். கல்யாணம் ஆகாதவர். புகைத்த ரப்பரைப் பாலோ ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவார், வரும்போது அரிசி மூட்டை கொண்டுவருவார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம், அதில் ஆறு மாட்டோடு. மாட்டின் காலில் காயம், கொஞ்சம் மஞ்சள் கேட்கலாம் என்று வந்தவர், அணையப்போகிற அடுப்பைப் பார்த்திருக்கிறார். ஆள் இல்லை. உள்ளே சத்தம். உட்கார்ந்துவிட்டார். கோணிக்கு அடியில் சட்டி வரும்போதெல்லாம் தண்ணீரை ஊற்றி உள்ளே தள்ளியிருக்கிறார். மழைக்கு லயமே கதவைச் சாத்திக்கொண்டிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. வாயைத் திறக்கவில்லை.

என்னைப் பார்த்ததும் எழுந்தார். "பொண்ணு" என்றார். மஞ்சளை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

நான் அவர் இடத்தில் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் கோணி விலகியது. அத்தை வந்தார். விரலை விட்டார். கண்ணை மூடினார். அப்புறம் என்னைப் பார்த்தார். அவர் அப்படி ஓர் ஆம்பிளையைப் பார்த்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை.

"எட்டு மணி நேரத்துல ஒரு சட்டி சூடு ஏறல, ஒரு சட்டி சூடு எறங்கல. இத்தனை வருசத்துல இப்படி ஒரு தண்ணி நான் பாத்ததில்லடா, மருமவனே!"

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். தலையை ஆட்டினேன்.

அதிலிருந்து மூன்று வருஷம் லயத்தில் என் பெயருக்கு ஏற்பட்ட மவுசைக் கேட்க வேண்டுமே! எவன் வீட்டிலாவது வலி கண்டால், அத்தை, "முதல்ல போய் அந்த மருமவன்கிட்ட தண்ணி காய்ச்சக் கத்துக்கிட்டு வா" என்று விரட்டுவார். அவனும் வந்து நிற்பான். நானும் சொல்லிக் கொடுப்பேன், வெட்கமில்லாமல்! "மூணு விறகு வைக்கணும்டா. ரெண்டு சைடுல இருக்கிறதைத் தொடாதே. நடு விறகை மட்டும் இழுத்து இழுத்து விடு." எங்கிருந்து அந்த யுக்தி எனக்கு வந்தது என்று இன்றுவரை தெரியாது. வாய்க்கு வந்தது. கேட்டுப்போனவர்கள் எல்லோரும் அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். "அவன் சொன்னதைக்கூட ஒழுங்கா செய்யத் தெரியல" என்று திட்டுவார். வீரன் அண்ணன் வண்டியில் போகும்போது இதெல்லாம் காதில் விழத்தான் செய்திருக்கும். ஒருநாளும் என்னை ஒரு மாதிரிப் பார்த்ததில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ரப்பர் விலை விழுந்த காலம் வந்தது. பெரட்டில் ஆள் குறைந்தது. ஒருநாள் ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி வந்து உத்தரவைப் படித்தார்: பாதி லயத்தைக் காலி செய்து கப்பலேற்றி ஊருக்கு அனுப்பத் துரை முடிவு செய்துவிட்டார். யார் யார் என்று பட்டியல் அடுத்த வாரம். பேச வேண்டுமென்றால் கூட்டமாக வரக்கூடாது, ஒரே ஓர் ஆளை அனுப்ப வேண்டும்.

பாக்கியம் அப்போது ஏழு மாதம், இரண்டாவது. ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியைக் கப்பலின் மேல்தட்டில் பத்து நாள் வெயிலில் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நாங்கள் வந்த கப்பலிலேயே பார்த்திருக்கிறேன். எங்களுக்கு மட்டுமில்லை, எங்கள் வரிசையில் நிறைய வீட்டில் அதே நிலைதான்.

யாரை அனுப்புவது? வெட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக் களத்தில் முடிவு செய்வது என்று ஏற்பாடு. வீட்டுக்கு ஒரு கித்தாக் கொட்டை. ஒரு பலகையில் மூன்று மங்கு. எந்த மங்கில் கொட்டை அதிகமோ அந்த ஆள் துரை முன்னால் போவார். சிவப்புத் துணி கட்டின மங்கு கோவிந்தசாமிக்கு. வைக்கோல் சுற்றின மங்கு வீரன் அண்ணனுக்கு. தனிக்கட்டைப் பையன்கள் சிலர் அவர் பேரைச் சொல்லிவிட்டார்கள், அவர் "சரி" என்றதோடு நிறுத்திக்கொண்டார். காகிதம் ஒட்டின மங்கு எனக்கு. நான் பத்திரிகை படிப்பவன், மலாய் நன்றாகப் பேசுவேன், துரையின் இங்கிலீஷில் பாதி புரியும். எனக்கு ஆசை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

பெண்கள் அத்தையிடம் போய் மொய்த்தார்கள். யார் நன்றாகப் பேசுவான் என்று யாரும் கேட்கவில்லை. "துரை மேசையில அடிச்சுக் கத்துனா யாரு அத்தை நிப்பா?" என்பதுதான் கேள்வி.

அத்தை விரலைத் தூக்கிக் காட்டினார். "கோவிந்தசாமியோட தண்ணி உங்க எல்லாருக்கும் தெரியும். வண்டிக்காரனுக்குப் பொண்டாட்டி இல்ல, பிள்ள இல்ல. அவன் தண்ணியை நான் பாத்ததில்ல, பாக்காததைச் சொல்லமாட்டேன். காகிதம் ஒட்டுன மங்குல போடுங்கடி."

முடிந்தது. ஞாயிறு வருவதற்கு முன்பே நான் ஜெயித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை துரை காட்டுக்குள் வந்தார். இரண்டு வரிசை தள்ளி யாரோ வாளியைக் கவிழ்த்துவிட்டார்கள். துரை தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்துக் கத்த ஆரம்பித்தார். என்னை அல்ல. என் பக்கம்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அவர் கத்தி முடித்தபோது நான் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எப்போது போனேன் என்று எனக்கே தெரியாது. என் கால் என்னைக் கேட்காமல் போயிருந்தது. கையில் ஒரு காய்ந்த சுள்ளி வேறு இருந்தது.

அதைப் பார்த்ததும் நடக்கப்போவது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆபீசில் துரை மேசையில் அடிப்பார், நான் "விறகு எடுத்துட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவேன். பாக்கியம் கப்பலில் கிடப்பாள். சத்தியமாகச் சொல்கிறேன், நியாயம் தர்மம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. பயம்தான் என்னை அத்தை வீட்டுக்குத் துரத்தியது.

மறுநாள் மத்தியானம். அத்தை வாசலில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நான் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். விறகு அடுக்கை, காதைப் பொத்தியதை, மழை விட்டதை.

"அப்ப அந்தத் தண்ணியைக் காய்ச்சினது யாரு?"

"வீரன் அண்ணன், அத்தை."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். தன் விரலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூணு வருசமா இது பொய் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு."

"விரல் பொய் சொல்லல, அத்தை. தண்ணி சரிதான். ஆளுதான் வேற."

"வாயை மூடு!" உரித்த தோலை அள்ளி என் மூஞ்சியில் எறிந்தார். "அடப் படுபாவி! உன் பேரைச் சொல்லி எத்தனை ஆம்பளைய வஞ்சிருக்கேன்! நடு விறகை இழுன்னு சொல்லிக் குடுத்தியே, அது எங்கடா படிச்ச?"

"சும்மா சொன்னேன்."

ஒரு நொடி என்னை முறைத்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். வெற்றிலைச் சாறு தாடையில் வழிய, கிழங்குக் கூடையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. நான் சிரிக்கத் தொடங்கியதும் அவர் நிறுத்திவிட்டார்.

"நாளைக்குக் களத்துல சொல்லிரு."

"நீங்களே சொல்லிடுங்களேன், அத்தை. உங்க பேச்சைத்தான் கேப்பாங்க."

"ஒரு வீட்டுல பாத்த குறையை நான் இன்னொரு வீட்டுல சொன்னா, அப்புறம் எந்தப் பொம்பள என் முன்னாடி வாய் விட்டுக் கத்துவா? உன் கதை. நீதான் சொல்லணும்."

"பாக்கியத்துக்கு ஏழு மாசம், அத்தை. அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"அதுக்காகத்தான் சொல்லுறேன்" என்றார். திரும்பவும் கிழங்கை எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். பலகையின் பக்கத்தில் நின்று, மூன்று மங்குகளையும் பார்த்துக்கொண்டே சொன்னேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் களம் முழுக்கச் சிரிப்பு. கோவிந்தசாமி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். என்னிடம் யுக்தி கற்றுப்போய் வசவு வாங்கியவர்கள் சிரிக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். வீரன் அண்ணன் தரையைப் பார்த்தார்.

எங்கள் ஆட்களின் குணம் விசித்திரமானது. சிரிப்பு அடங்கினதும் பின்னாலிருந்து ஒருவர், "இத்தனை பேர் முன்னாடி தப்பை ஒத்துக்கிட்டாரே, இதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்! இவரையே அனுப்பலாம்ப்பா" என்றார். இன்னும் நாலு பேர், "ஆமாப்பா, உத்தமன்" என்றார்கள். காகித மங்கில் டக் டக்கென்று கொட்டை விழ ஆரம்பித்தது. ஐயோ என்று இருந்தது எனக்கு.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அத்தை எழுந்தார். களத்தில் பெண்கள் எழுந்து பேசும் வழக்கம் கிடையாது. கங்காணி கையைக் காட்டினார். அத்தை அந்தக் கையைக் கவனிக்கவே இல்லை.

"தப்பை ஒத்துக்கிட்டவனுக்குப் பரிசு குடுக்க இது பள்ளிக்கூடமாய்யா? துரை முன்னாடி நிக்கிற ஆளைத் தேடுறோம். நான் தப்பான ஆளைக் காட்டிட்டேன். எல்லாரும் கேட்டுக்கங்க, நான்தான் தப்பு. இவன் நல்லவன், ஆனா ஓடிருவான். வண்டிக்காரனுக்குப் பேச்சு வராது, ஆனா இருப்பான். கொட்டையை எடுத்து வைக்கோல் மங்குல போடுங்க."

அவர் தப்பு என்று சொல்லி யாரும் கேட்டதே கிடையாது. ஒருவர் வந்து என் மங்கிலிருந்து தன் கொட்டையை எடுத்தார். அது தன்னுடையதுதானா என்று வேறு திருப்பிப் பார்த்துக்கொண்டார். பின்னாலேயே வரிசை வந்துவிட்டது.

பாக்கியம் எனக்காக நிற்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் போனபோது சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். கை கழுவும்போது மட்டும் சொன்னாள்: "இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. விறகை இப்பவே எடுத்து அடுக்கி வச்சிருங்க."

மறுநாள் ஆபீசுக்குப் போகும் வழியில் வீரன் அண்ணன் எங்கள் வாசலில் நின்றார். "எனக்குப் பேச வராது. நீ வா. நீ பேசு, நான் நிக்கிறேன்" என்றார். இதுவும் அத்தை சொல்லிக் கொடுத்ததா, அவருக்கே தோன்றியதா, தெரியாது. ஒரே ஓர் ஆள் என்று துரை சொல்லியிருந்தார். "இவன் என் வாய்" என்று கிராணியிடம் சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தார்.

நான் மலாயில் பேசினேன். எல்லோருக்கும் வேலை நாளைக் குறைத்துக்கொள்ளலாம், வாரத்துக்கு நாலு நாள் போதும், மேட்டில் சும்மா கிடக்கிற நிலத்தில் மரவள்ளி போட்டுச் சாப்பிட்டுக்கொள்கிறோம், யாரையும் அனுப்பாதீர்கள். துரை கேட்டார். அப்புறம் மேசையில் அடித்தார். என் கால் திரும்பியது. திரும்பிய இடத்தில் வீரன் அண்ணனின் நெஞ்சு இருந்தது. மாட்டு வாடை. அவர் என்னைத் தொடவில்லை, தள்ளவில்லை. அங்கே நின்றார், அதனால் எனக்குப் போக வழியில்லை. வேறு வழியில்லாமல் துரை பக்கம் திரும்பி, சொன்னதையே மறுபடி சொன்னேன். இப்படி மூன்று தடவை அடித்தார். மூன்று தடவையும் திரும்பினேன்.

கடைசியில் துரை சொன்னார்: குடும்பக்காரர்கள் இருக்கலாம், வாரத்துக்கு நாலு நாள் வேலை. தனி ஆட்கள் அத்தனை பேரும் போக வேண்டும். சம்மதமா, இல்லையா, இப்போதே சொல்.

நான் தமிழில் சொன்னேன். "அண்ணே, தனி ஆள்னா நீங்களும்தான்."

"சரின்னு சொல்லு."

"அண்ணே..."

"சரின்னு சொல்லுடா."

சொன்னேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன வாய் இது. அன்றைக்கே அவர் தனி ஆட்களின் லயத்துக்குப் போய் ஒவ்வோர் அறையாக உட்கார்ந்து பேசினார். என்ன பேசினாரோ. பத்துப் பன்னிரண்டு பேர், ஒருத்தனும் முறுக்கிக்கொள்ளவில்லை. ரெண்டு மாட்டையும் அவிழ்த்துக் கொண்டுவந்து கிராணியிடம் ஒப்படைத்தார்.

பாலோ ஸ்டேஷனுக்கு லயமே போனது. அத்தை ஒரு தூக்குச் சட்டியில் டீ கொண்டுவந்தார். விரலை விட்டுப் பார்த்துவிட்டு வீரன் அண்ணனிடம் கொடுத்தார்.

"உன் தண்ணியைப் பாத்திருக்கேன். நீன்னு தெரியாம பாத்துட்டேன்" என்றார். "இவன் வீட்டுல இன்னும் ஒண்ணு வரப்போவுது. இந்தத் தடவை அடுப்புக்கு யாருடா இருக்கா?"

வீரன் அண்ணன் டீயைக் குடித்து முடித்தார். சட்டியைத் திருப்பிக் கொடுத்தார். என்னைக் காட்டி, "இவன் காய்ச்சுவான், அத்தை" என்றார்.

ரயில் போனபிறகு ஸ்டேஷன் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அத்தை நிறுத்தச் சொல்லவில்லை. வீரன் அண்ணனிடமிருந்து அதன்பின் கடிதமோ செய்தியோ எதுவும் வரவில்லை. கடிதம் எழுதுகிற ஆளா அவர்?

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் பாக்கியத்துக்கு வலி கண்டது. கோணி தொங்கியது. விறகு வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்தது, இரண்டு மாதமாகக் காய்ந்து. நான் உட்கார்ந்தேன். ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த மூன்று விறகு யுக்தியை முதல்முறையாக நானே செய்து பார்த்தேன். சுத்தப் பொய். நடு விறகை இழுத்தால் எல்லாமே அணைந்துபோகிறது. ஊதி ஊதி மறுபடி மூட்டினேன். பாக்கியம் கத்தினாள். எழுந்து நின்றேன். அன்றைக்கு ஆபீசில் திரும்பின இடத்தில் ஒரு நெஞ்சு இருந்தது, இப்போது வெறும் வெயில்தான் இருந்தது. மறுபடி உட்கார்ந்தேன். அவள் கத்தினாள், நானும் "இருக்கேன் புள்ள, இருக்கேன்" என்று கத்தினேன். பக்கத்து லயத்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். மத்தியானம் போனது, சாயங்காலம் ஆகப்போகிற நேரத்தில் பையன் அழுதான்.

அத்தை வெளியே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பானைக்குப் போனார், விரலை விட்டார், "ஸ்ஸ்" என்று வெடுக்கென இழுத்து உதறினார்.

அப்புறம்தான் என்னைப் பார்த்தார். கரி பூசின மூஞ்சியை, புகையில் சிவந்த கண்ணை. கோணிப் பக்கம் தலையைத் திருப்பி உள்ளே இருந்தவளுக்குக் கேட்கும்படி கத்தினார்:

"பாக்கியம்! தண்ணி கொதியாக் கொதிக்குது. ஆனா ஆளு இங்கதான் இருக்கான்டி!"